வானின் மெல்லிய குரல்: ஊர்தி தன் இடமறிந்த வரலாறு

ஊர்தியில் செல்லும்போது வழிகாட்டிக் கருவியின் திரையில் ஓர் அம்புக்குறி நம்மோடு நகர்ந்து வருவதைக் கண்டு இன்று எவரும் வியப்பதில்லை. அது நகராமல் நின்றுவிடும்போதுதான் வியக்கிறோம். சற்றே சினக்கவும் செய்கிறோம். சுரங்கச் சாலைக்குள் நுழைந்ததும் அது உறைந்துபோகிறது. உயர்ந்த கட்டடங்களின் நடுவே பக்கத்துத் தெருவுக்குத் தாவுகிறது. மேம்பாலத்தின் மேலே செல்பவரைக் கீழே செல்பவராகக் காட்டுகிறது. கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அந்த அம்புக்குறி ஒழுங்காக நகரும் ஒவ்வொரு கணமும் எத்தனை தடைகளைத் தாண்டி நகர்கிறது என்பதை அறிந்தால், அது தடுமாறுவதைவிடத் தடுமாறாமல் இருப்பதே வியப்புக்குரியது என்பது விளங்கும்.

செயற்கைக்கோள் வழிகாட்டலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஏவுகலங்களையும் அணுக் கடிகாரங்களையும் பற்றியே எழுதுகின்றனர். அது வானத்தின் பக்கம் நின்று எழுதப்படும் வரலாறு. தரையின் பக்கம் இன்னொரு வரலாறு உண்டு. ஓடும் வண்டிக்குள் அமர்ந்தபடி அந்த மெல்லிய அலையைப் பிடிக்க மனிதர்கள் என்னென்ன செய்தார்கள் என்ற வரலாறு அது. வானிலிருந்து வரும் குரல் 1978-ஆம் ஆண்டு முதல் இன்றுவரை பெரிதாக உரத்துவிடவில்லை. கேட்கும் செவியே தேர்ச்சி பெற்றது. அச்செவியின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முற்படுகிறோம்.

சக்கரத்தின் நினைவு

செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் ஓர் ஊர்தி தன் இடத்தையும் திசையையும் அறிய ஒரே வழிதான் இருந்தது: தன் சக்கரங்களைக் கேட்பது. சீனத்தில் மூன்று அரசுகளின் காலத்தில், அதாவது பொதுக்காலம் மூன்றாம் நூற்றாண்டில், மா ஜுன் என்ற பொறியாளர் 'தெற்கு நோக்கும் தேர்' ஒன்றை அமைத்ததாக அந்நாட்டு வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தேர் எப்பக்கம் திரும்பினாலும் அதன் மேலிருந்த பாவையின் கை தெற்கையே சுட்டும். காந்த ஊசியின் துணை அதற்கு இல்லை. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட மிகுதியாகச் சுழல்கிறது அல்லவா? அந்த வேறுபாட்டைப் பற்சக்கரங்களைக் கொண்டு ஈடுகட்டியிருக்க வேண்டும் என்பது பின்வந்த ஆய்வாளர் கருத்து.

இதே எண்ணம் மோட்டார் வண்டிக் காலத்திலும் மீண்டும் தோன்றியது. 1909-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'ஜோன்ஸ் லைவ் மேப்' என்றொரு கருவி விற்பனைக்கு வந்தது. வழிக்குறிப்புகள் அச்சிட்ட வட்டத் தகடு ஒன்று, சக்கரத்தோடு இணைத்த கம்பிவடத்தின் இயக்கத்தால் மெல்லச் சுழலும். இத்தனையாவது மைலில் இப்பக்கம் திரும்புக என்று அது காட்டிக்கொண்டே வரும். ஓட்டுநர் ஒருமுறை வழி தவறினால் போதும், தகடு வேறோர் உலகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். சக்கரத்தின் நினைவில் உள்ள குறை இதுவே. சிறு பிழையும் அழியாது. அடுத்த பிழையோடு சேர்ந்து வளரும். அதைத் திருத்த வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

தலைகீழான ஒரு கேள்வி

அந்தச் சாட்சி வானிலிருந்து வந்தது. 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபென்பாக் என்ற இளம் ஆய்வாளர் இருவர் அதன் ஒலிக்குறிப்பைக் கேட்டுப் பதிவு செய்தனர். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஓசை கூர்ந்தும், விலகிச் செல்கையில் தணிந்தும் கேட்பதுபோல, கோளின் அலையெண்ணும் மாறியது. அம்மாற்றத்தைக் கொண்டு கோளின் பாதையையே அவர்கள் கணித்துவிட்டனர். 1958-ஆம் ஆண்டில் அவர்களின் மேலாளர் ஃபிராங்க் மெக்ளூர் கேள்வியைத் தலைகீழாக்கினார். நாம் இருக்கும் இடம் தெரிந்தால் கோளின் பாதை தெரிகிறது. கோளின் பாதை தெரிந்தால் நாம் இருக்கும் இடம் தெரிய வேண்டுமல்லவா?

இந்த ஒரு கேள்வியிலிருந்து 'டிரான்சிட்' என்ற முதல் செயற்கைக்கோள் வழிகாட்டல் முறை பிறந்தது. 1964-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளுக்கு அது இடம் சொன்னது. ஆனால் தரை ஊர்திக்கு அது உதவாது. ஒரு கோள் அடிவானில் எழுந்து மறையும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம், அதைத் தொடர்ந்து கேட்க வேண்டும். அடுத்த கோளுக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ காத்திருக்க வேண்டியிருக்கும். கேட்பவர் நகர்ந்துகொண்டிருந்தால், தம் வேகத்தைத் தாமே துல்லியமாக அறிந்து கணக்கில் சேர்க்க வேண்டும். கப்பலுக்குப் பொறுமை உண்டு. தெருமுனையில் திரும்பக் காத்திருக்கும் வண்டிக்கு அது கிடையாது.

1973-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்புதல் அளித்த ஜி.பி.எஸ். திட்டம் இக்குறையைத் தீர்க்கும் வகையில் வகுக்கப்பட்டது. முதற்கோள் 1978 பிப்ரவரியில் ஏவப்பட்டது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தை ஓயாமல் அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு தரையை அடைய ஒரு நொடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. அந்தத் தாமதத்தை அளந்தால் தொலைவு கிடைக்கும். மூன்று தொலைவுகள் இடத்தைச் சொல்லும். வாங்கியின் மலிவான கடிகாரம் செய்யும் பிழையைக் களைய நான்காவது கோள் வேண்டும். நேரத்தில் ஒரு மைக்ரோநொடி பிசகினால் தொலைவில் 300 மீட்டர் பிசகும்.

கோளில்லாத வழிகாட்டிகள்

1980-களில் ஜி.பி.எஸ். முழுமை பெறவில்லை, கோள்கள் சில மட்டுமே இருந்தன. எனினும் கார் நிறுவனங்கள் காத்திருக்கவில்லை. 1981-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 'எலெக்ட்ரோ ஜைரோகேட்டர்' என்ற கருவியை அறிமுகம் செய்தது. ஹீலியம் வாயுவின் ஓட்டம் விலகுவதைக் கொண்டு வண்டியின் திருப்பத்தை அது உணர்ந்தது. ஒளித்திரையின்மேல் கண்ணாடித்தாள் போன்ற வரைபடத்தைப் பொருத்திக்கொள்ள வேண்டும். வண்டி சென்ற தடம் அதன் பின்னே ஒளிக்கோடாக விரியும். வரைபடத்தின் எல்லையைத் தாண்டினால் ஓட்டுநரே தாளை மாற்றிப் பொருத்த வேண்டும்.

1985-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் வெளிவந்த 'ஈட்டாக் நேவிகேட்டர்' இன்னும் ஒரு படி முன்னே சென்றது. இதை உருவாக்கிய ஸ்டான் ஹனி பாய்மரப் படகுப் போட்டிகளில் பெயர்பெற்ற மாலுமி. சக்கர உணரிகளும் திசைகாட்டியும் வண்டியின் நகர்வைச் சொல்லும். ஒலிநாடா போன்ற நாடாப்பேழையில் தெருக்களின் வரைபடம் இருக்கும். வண்டி தெருவில்தான் செல்லும், வீடுகளின் ஊடே செல்லாது என்ற எளிய உண்மையைக் கருவி பயன்படுத்திக்கொண்டது. சக்கரக் கணக்கு வண்டியைத் தெருவிலிருந்து சற்று விலக்கிக் காட்டினால், கருவி அதைத் தெருவுக்கே இழுத்துவரும். ஒரு திருப்பத்தில் வண்டி திரும்பியதும், அத்திருப்பம் வரைபடத்தில் எங்குள்ளதோ அங்கே பிழை முழுவதும் களையப்படும். இன்று நம் கைப்பேசியிலும் இம்முறை உயிரோடு இருக்கிறது.

அக்கருவியின் பெயரும் கவனத்துக்குரியது. பசிபிக் பெருங்கடலின் கரோலின் தீவுகளைச் சேர்ந்த மரபு மாலுமிகள் கடலில் வழியறியும் முறைக்கு 'ஈட்டாக்' என்று பெயர். தம் படகு அசையாமல் நிற்பதாகவும், தீவுகளே தம்மைக் கடந்து செல்வதாகவும் அவர்கள் மனத்தில் உருவகித்துக்கொள்வர். ஈட்டாக் கருவியின் திரையிலும் வண்டி நடுவில் நிலைத்து நிற்கும்; ஊர்தான் சுழன்று நகரும். எழுத்தில்லாக் கடலோடிகளின் கற்பனை ஒன்று இவ்வாறு இன்றைய ஒவ்வொரு வழிகாட்டித் திரையிலும் குடியேறிவிட்டது.

நம் இலக்கியத்தில் ஆற்றுப்படை என்னும் வகை உண்டு. சென்று பரிசில் பெற்று மீண்டவன், இனிச் செல்ல வேண்டியவனுக்கு வழி உரைப்பது அது. செயற்கைக்கோள் அப்படி எதையும் உரைப்பதில்லை. அது தன் இடத்தையும் நேரத்தையும் மட்டுமே சொல்கிறது. ஆற்றுப்படுத்தும் பணியை வரைபடமே செய்கிறது. அந்த வரைபடமோ முன்னே சென்று கண்டவர்கள் எழுதிவைத்தது. கோளும் வரைபடமும் சக்கரமும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும்போதுதான் அம்புக்குறி சரியான தெருவில் நிற்கிறது. இம்மூன்றின் சேர்க்கை 1990-ஆம் ஆண்டில் ஜப்பானில் கைகூடியது. மாஸ்டா நிறுவனத்தின் யூனோஸ் காஸ்மோ கார் ஜி.பி.எஸ். வாங்கியைத் தன்னுள் கொண்டே அவ்வாண்டு விற்பனைக்கு வந்தது.

கூரையும் கண்ணாடியும்

இனி அந்தக் குரல் எத்துணை மெல்லியது என்பதைப் பார்ப்போம். கோளிலிருந்து புறப்படுவது சில பத்து வாட் அளவிலான ஆற்றல். வீட்டுக் குண்டு விளக்கு ஒன்றுக்கு ஈடு. அது புவியின் ஒரு பாதி முழுவதும் பரவி நம்மை அடைகிறது. ஒரு வாட்டைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் நூறு கோடி பங்காக்கினால் என்ன கிடைக்குமோ, ஏறத்தாழ அவ்வளவே அலைவாங்கிக்குக் கிட்டுகிறது. வாங்கியின் உள்ளேயே வெப்பத்தால் எழும் இரைச்சல் இதைவிட உரத்தது. இரைச்சலுக்கு அடியில் புதைந்துள்ள இக்குறிப்பை எப்படிக் கண்டறிவது? ஒவ்வொரு கோளும் ஆயிரத்து இருபத்து மூன்று கூறுகள் கொண்ட தனக்கே உரிய ஒரு தாளத்தை ஒவ்வொரு மில்லிநொடியும் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. வாங்கிக்கு அந்தத் தாளம் முன்பே தெரியும். சந்தை இரைச்சலிலும் பழகிய பாட்டொன்றை நம் காது இனங்காண்பதில்லையா? அதுபோலவே இதுவும்.

இத்துணை நலிந்த அலைக்கு உலோகத்தை ஊடுருவும் வலிமை இல்லை. ஆகவே தொடக்கக் காலக் கருவிகளின் முதல் விதி, அலைவாங்கி வானத்தைக் காண வேண்டும் என்பதாயிற்று. வண்டியின் கூரைமேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சிறு சதுர அலைவாங்கி அக்காலத்துப் பயணிகளுக்கு நன்கு அறிமுகமானது. வண்டிக்குள் வைத்தால் தடையாகும் அதே உலோகக் கூரை, அலைவாங்கிக்கு அடியில் இருக்கும்போது துணையாகிறது. கீழிருந்து தெறித்து வரும் அலைகளை அது மறைக்கிறது. மேலிருந்து வருவனவற்றை அலைவாங்கி நன்கு ஏற்க உதவுகிறது.

கண்ணாடி வழியே அலை தடையின்றி வரும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் வெயிலின் வெம்மையைத் தடுப்பதற்காக முன்கண்ணாடியில் மிக மெல்லிய உலோகப் பூச்சு இடும் வழக்கம் பரவியபோது, பலருடைய கருவிகள் காரணம் தெரியாமல் ஊமையாயின. பக்கக் கண்ணாடிகளில் ஒட்டும் உலோகம் கலந்த வெயில்தடுப்புத் தாளும் அதையே செய்தது. பின்னர் உற்பத்தியாளர் பலர், பின்நோக்கும் கண்ணாடியின் அருகே பூச்சில்லாத ஒரு சிறு பகுதியை விட்டுவைக்கத் தொடங்கினர். கருவியை அங்கே பொருத்தினால் கேட்கும்; ஒரு சாண் தள்ளிப் பொருத்தினால் கேட்காது. தரமற்ற மின்னேற்றிகளும் பயணப் படக்கருவிகளும் எழுப்பும் மின்னிரைச்சல் இந்த மெல்லிய குரலை மூழ்கடிப்பதும் உண்டு. அவற்றை வாங்கியிலிருந்து சற்று விலக்கி வைப்பதே மருந்து.

வண்டியைக் கிளப்பும்முன் திறந்த வெளியில் சற்று நேரம் நிறுத்திவைக்க வேண்டும் என்ற அறிவுரைக்கும் காரணம் உண்டு. கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு ஐம்பது துணுக்குகள் என்ற ஆமை வேகத்தில் அனுப்புகிறது. அது முப்பது நொடிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. இடையில் ஒரு கட்டடம் மறைத்து ஒரு சொல் தவறினால், அடுத்த சுற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். எல்லாக் கோள்களையும் பற்றிய பஞ்சாங்கம் முழுவதும் வந்து சேரப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். கைப்பேசிகள் இக்காத்திருப்பைச் சில நொடிகளாகக் குறைத்தன. அவ்விவரங்களைக் கோளிடமிருந்து பெறாமல் கைப்பேசி வலையமைப்பு வழியே பெற்றுக்கொள்வதுதான் அதன் சூட்சுமம். அவசர அழைப்பு விடுக்கும் கைப்பேசியின் இருப்பிடம் தெரிய வேண்டும் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1996-ஆம் ஆண்டில் விதித்ததே இம்முயற்சிக்குப் பெரும் தூண்டுகோல்.

அரசு கலந்த கலப்படம்

தடைகள் எல்லாம் இயற்கையும் பொறியியலும் இட்டவை அல்ல. 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 1 அன்று வழிதவறிச் சோவியத் வான்வெளிக்குள் புகுந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன்பின் ஜி.பி.எஸ். முழுமையடைந்ததும் குடிமக்கள் பயன்பாட்டுக்கும் கட்டணமின்றித் தரப்படும் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. ஆனால் 1990-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைத்துறை, பொதுமக்களுக்கான குறிப்பில் வேண்டுமென்றே பிழை கலக்கத் தொடங்கியது. இதனால் இருப்பிடம் 100 மீட்டர்வரை விலகக்கூடும். கடலில் இது பொருட்டில்லை. நகரத்தில் 100 மீட்டர் என்பது அடுத்த தெரு. சில இடங்களில் அதற்கும் அடுத்த தெரு.

இக்கலப்படத்தின் வரலாற்றில் முரண்கள் மிகுதி. வளைகுடாப் போரின்போது படைத்துறைக்குரிய வாங்கிகள் போதாமல், அமெரிக்க வீரர்களே பொதுமக்களுக்கான வாங்கிகளோடு பாலைவனத்தில் வழி தேடினர். அதனால் பிழை கலப்பதைச் சில காலம் நிறுத்திவைக்க நேர்ந்தது. இன்னொரு முரண் இதைவிடச் சுவையானது. அமெரிக்கக் கடலோரக் காவற்படை 1990-களில் கரையோர நிலையங்களை நிறுவி, தன் இடத்தைத் துல்லியமாக அறிந்த நிலையம் கோள்களின் பிழையைக் கணித்து வானொலி வழியே அறிவிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. ஓர் அரசின் ஒரு கை கலந்த பிழையை, மறு கை பொதுப்பணம் செலவிட்டு நீக்கிக்கொண்டிருந்தது! 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளின்டனின் ஆணையால் கலப்படம் நின்றது. உலகெங்கும் உள்ள வாங்கிகள், எவ்வித மாற்றமும் செய்யப்படாமலேயே, ஒரே இரவில் ஏறத்தாழ பத்து மடங்கு துல்லியம் பெற்றன. கார்களில் வழிகாட்டிகள் பெருகியதற்கு அந்த இரவு ஒரு தலைவாயில்.

கட்டடங்களின் எதிரொலி

பிழை கலப்பது நின்றபின் எஞ்சிய பகை நகரமே. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செல்லும்போது வானம் ஒரு குறுகிய கீற்றாகிவிடுகிறது. கோள்கள் மறைகின்றன. மறைந்த கோளின் அலை எதிர்ச்சுவரில் பட்டுத் தெறித்து, நீண்ட வழியில் வந்து சேர்கிறது. வாங்கி அதை நம்பினால் நம்மை அடுத்த தெருவில் நிறுத்திவிடும். கேட்காத குரலைவிட, கேட்கும் பொய்க்குரல் தீங்கானது.

2004-ஆம் ஆண்டில் அறிமுகமான சர்ஃப்ஸ்டார்-3 போன்ற சில்லுகள், இலட்சக்கணக்கான ஒப்பீடுகளை ஒரே நேரத்தில் நிகழ்த்தி, கூரைமேல் அலைவாங்கி இல்லாமலேயே நலிந்த குறிப்புகளைப் பிடித்தன. ஆனால் செவி கூர்மையானதும் எதிரொலிகளும் கூடவே கேட்கத் தொடங்கின. இதற்கு ஜப்பான் கண்ட விடை புதுமையானது. 2010-ஆம் ஆண்டு செப்டம்பரில் 'மிச்சிபிகி' என்ற கோளை அது ஏவியது. வழிநடத்துதல் என்பது அச்சொல்லின் பொருள். ஜப்பானின் உச்சிவானில் நெடுநேரம் நிற்குமாறு அதன் பாதை வகுக்கப்பட்டது. நேர் மேலே இருக்கும் கோளை எந்தக் கட்டடமும் மறைக்க முடியாது. நான்கு கோள்களோடு அச்சேவை 2018 நவம்பரில் தொடங்கியது.

கோள்களின் எண்ணிக்கை பெருகியதும் ஒரு மருந்தாயிற்று. ரஷ்யாவின் குளோனாஸ் 2011-ஆம் ஆண்டில் மீண்டும் முழுமை பெற்றது. ஐரோப்பாவின் கலிலியோ 2016 டிசம்பரில் முதற்கட்டச் சேவைகளைத் தொடங்கியது. சீனாவின் பெய்டோ 2020-இல் உலகளாவியதாயிற்று. இந்தியாவின் நாவிக் கோள்வரிசை 2013-ஆம் ஆண்டு முதல் ஏவப்பட்டது. 2023 மே மாதம் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 முதல், பரவலாகப் பயன்படும் எல்-1 அலைவரிசையிலும் அது பேசத் தொடங்கியது. 2018-இலிருந்து கைப்பேசிகளில் இடம்பெற்றுவரும் எல்-5 அலைவரிசையின் தாளம் முன்னதைவிடப் பத்து மடங்கு விரைவானது. ஆகவே நேரடி அலையையும் எதிரொலியையும் பிரித்தறிவது அதில் எளிது. கட்டடங்களின் முப்பரிமாண வரைபடத்தைக் கொண்டு எந்தக் கோள் மறைந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணிக்கும் முறையும் வந்துள்ளது. பொய்க்குரலை இனங்காண வரைபடமே சாட்சி சொல்கிறது.

சுரங்கத்துக்குள் வானம் அறவே இல்லை. அங்கே மா ஜுனின் தேருக்கே திரும்புகிறோம். காரில் பொருத்தப்பட்ட வழிகாட்டி சக்கர உணரிகளையும் திருப்ப உணரியையும் கேட்டபடி இருளுக்குள் நகர்கிறது. வெளியே வந்ததும் வானத்திடம் கேட்டுத் திருத்திக்கொள்கிறது. சக்கரத்தோடு தொடர்பில்லாத கைப்பேசி அங்கே தடுமாறுவதற்கும், காரோடு பிறந்த கருவி தடுமாறாமைக்கும் காரணம் இதுவே.

கேட்க விரும்பாதவர்கள்

குறிப்பைத் தெளிவாகப் பெறவே எல்லாரும் விழைந்தனர் என்று முடித்தால் இவ்வரலாறு முழுமையாகாது. 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையத்தில், தரையிறங்கும் விமானங்களுக்கான துல்லிய வழிகாட்டி அமைப்பு ஒன்று இடையூறுக்கு உள்ளானது. தேடியபோது ஒரு சிறு சரக்கு வண்டியில் அலைத்தடுப்புக் கருவி அகப்பட்டது. தாம் எங்கிருக்கிறோம் என்பதை முதலாளி அறியக் கூடாது என்று ஓட்டுநர் அதை வைத்திருந்தார். மறு ஆண்டு அவருக்கு ஏறத்தாழ 32,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. குற்றம் குற்றமே. ஆயினும் நாள் முழுவதும் கண்காணிக்கப்படும் ஓர் உழைப்பாளியின் மனநிலையும் அதில் தெரிகிறது. ஜி.பி.எஸ். வாங்கி கேட்க மட்டுமே செய்கிறது. நாம் எங்கிருக்கிறோம் என்பது கோளுக்குத் தெரியாது. கேட்டதை வேறொருவருக்கு அனுப்பும் கருவி அதனோடு சேரும்போதுதான் வழிகாட்டி காவலாளி ஆகிறது. இந்தியாவில் 2019 ஜனவரி முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் பயணிகள் ஊர்திகளுக்கு இருப்பிடம் அறிவிக்கும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஓட்டுநருக்குக் கண்காணிப்பாகத் தோன்றும் அதே கருவி, இரவில் தனியே பயணம் செய்யும் பெண்ணுக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். இரண்டுமே மெய்.

அலை தெளிவாகக் கிட்டுவது உயிர்ப்பிரச்சினையாகும் தருணமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31-க்குப் பின் ஒப்புதல் பெறும் புதிய கார் வகைகள், விபத்து நேர்ந்ததும் தாமே அவசர எண்ணை அழைத்து இருப்பிடத்தைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இடத்தோடு வண்டி எத்திசையில் சென்றது என்பதையும் அது அனுப்புகிறது. நடுவே தடுப்புச் சுவர் உள்ள நெடுஞ்சாலையில் எப்பக்கம் என்று தெரியாமல் கிளம்பும் ஆம்புலன்ஸ், அடுத்த திருப்பம்வரை சென்று மீண்டுவர வேண்டியிருக்கும். சில மீட்டர் பிழை அங்கே பல நிமிடங்களாகிறது. உணர்விழந்து கிடப்பவருக்காக அவர் வண்டி பேசும் அந்தச் சில நொடிகளில், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் இந்த மெல்லிய குரலைக் கேட்கப் பழகியதன் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது.